நிற்கும் எஞ்சினுக்குப் புது எண்ணெய்

ஓடும் எஞ்சினுக்குத்தான் தேய்மானம் உண்டு. நிற்கும் எஞ்சினுக்குக் கேடு ஏது என்று நினைப்போர் பலர். படகு எஞ்சின்களோடு பழகியவர்கள் அவ்வாறு நினைக்கமாட்டார்கள். நாள்தோறும் கடலில் உழைத்த பத்து மாதத்தில் உண்டாகாத கேடு, கரையில் வாளா நின்ற இரண்டு மாதத்தில் உண்டாவதை அவர்கள் கண்டிருப்பார்கள். அக்கேட்டைப் பற்றியும், அரைப் பகல் உழைப்பில் அதைத் தடுக்கும் முறையைப் பற்றியும் நம் சங்க அன்பர்களுக்குச் சில சொற்கள் கூற விரும்புகிறோம்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மும்பைக்கு வந்து குடியேறிய குடும்பத்தினர். அண்ணனும் தம்பியுமாகப் படகு எஞ்சின்களைச் செப்பனிடும் சிறு பட்டறை ஒன்றை நடத்தி வருகிறோம். சசூன் டாக்கிலும் பாவுச்சா தக்காவிலும் படகுத் தலைவர்களான தாண்டேல்கள் எங்களைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. 'மிஸ்திரி' என்றே அழைப்பர். பிழைக்க வந்த ஊரில் தொழிலே பெயராகிவிடுவது நம்மவர் பலருக்கும் பழக்கமான செய்திதானே.

குளிர் மிகுந்த நாடுகளில் பனிக்காலம் வருமுன் படகுகளைக் கரையேற்றி வைப்பார்கள். நம் மேற்குக் கரையில் பனிக்கு அஞ்ச வேண்டியதில்லை. இங்கே அஞ்சத்தக்கது தென்மேற்குப் பருவமழை. 2025-ஆம் ஆண்டிலும் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருந்தது. நம் தமிழகத்தின் கிழக்குக் கரையில் அத்தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மழை மாதங்களில் கேட்வேயிலிருந்து மாண்ட்வா செல்லும் பயணிகள் படகுகளும் நின்றுவிடும். பிறகு நாரளி பௌர்ணமி வரும். நம்மவர் ஆவணி அவிட்டம் கொண்டாடும் நாளை ஒட்டி வருவது அது. அன்று கோலி மீனவர்கள் கடலுக்குத் தேங்காய் படைத்து வணங்குவார்கள். அதுவரையில் படகு கரையிலோ, உப்பங்கழியின் ஓரத்திலோ நின்றிருக்கும்.

மே மாதக் கடைசியில், இந்த ஓய்வுக்கு முன்பாக, எஞ்சின் எண்ணெயை மாற்றிவிடுங்கள் என்று நாங்கள் சொல்வோம். ஆண்டுதோறும் எங்களுக்குக் கிடைக்கும் மறுமொழி ஒன்றுதான். "மிஸ்திரி, இரண்டு மாதம் சும்மா நிற்கப்போகும் எஞ்சினுக்குப் புது எண்ணெய் எதற்கு? ஆகஸ்டில் இறங்கும்போது ஊற்றினால், ஊற்றிய எண்ணெய் உழைக்குமல்லவா?" கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். ஆறு சிலிண்டர் எஞ்சினுக்குச் சற்றேறக்குறைய 15 முதல் 20 லிட்டர் வரை எண்ணெய் வேண்டும். வருவாய் நிற்கப்போகும் வாரத்தில் அந்தச் செலவைச் செய்யத் தயங்குவது அறியாமையன்று. வீட்டில் அரிசிப் பானையைப் பார்த்துவிட்டு வந்தவனின் கணக்கு அது.

ஆனால் எஞ்சின் வேறொரு கணக்கு வைத்திருக்கிறது. எண்ணெயின் வேலை வழுக்கச் செய்வது மட்டுமன்று. எரிந்த கரியையும், பிஸ்டனைத் தாண்டிக் கசியும் எரியாத டீசலையும், எரிதலில் உண்டாகும் நீராவியையும், அமிலங்களையும் அதுவே தாங்கிக்கொள்ள வேண்டும். அமிலத்தை முறிப்பதற்காகப் புது எண்ணெயில் காரத்தன்மையுள்ள பொருள்களைச் சேர்த்திருப்பார்கள். பல நூறு மணி நேரம் ஓடிய எண்ணெயில் அவை பெரும்பாலும் செலவழிந்து போயிருக்கும். எஞ்சின் சூடாக ஓடும் வரையில் ஈரம் ஆவியாகி வெளியேறும். எண்ணெயும் எல்லாப் பாகங்களையும் கழுவிக்கொண்டே இருக்கும். நின்றுவிட்டாலோ, கரியும் சகதியும் அடியில் படியும். ஈரமும் அமிலமும் தொட்ட இடத்தைத் தின்னத் தொடங்கும். கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்குகளின் மென்மையான உலோகப் பூச்சுக்கு அதைவிடப் பெரிய பகை இல்லை. வெளியே ஆனி, ஆடி மாதத்துக் காற்றோ உப்பும் நீருமாக நனைந்து கிடக்கிறது.

"இப்பொழுது வரும் டீசல் முன்போலன்று; கந்தகமே இல்லை என்கிறார்களே?" என்று இளைஞர் சிலர் வினவுவர். வினா நல்ல வினாவே. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கப்படும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கலாகாது. அதற்கு முந்தைய அளவு 50. ஆகவே கந்தக அமிலத்தின் தொல்லை குறைந்திருப்பது உண்மை. ஆயினும் வெப்பத்தில் எண்ணெய் தானே சிதைந்து உண்டாக்கும் அமிலம் குறையவில்லை. நீரும் கரியும் கலப்பதும் நிற்கவில்லை. பகைவர் நால்வரில் ஒருவர் மெலிந்தார் என்பதற்காகக் கதவைத் திறந்து வைக்கலாமா?

இனி வேலையின் முறை. முதலில் எஞ்சினைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்க வேண்டும். அப்பொழுதுதான் எண்ணெய் இளகி, அடியில் படிந்த அழுக்கையும் தன்னோடு கொண்டு வரும். காரில் செய்வதுபோல அடித்திருகைக் கழற்றி வடிப்பது படகில் பெரும்பாலும் இயலாது. எஞ்சினுக்கும் படகின் அடிப்பலகைக்கும் இடையே பாத்திரம் நுழைய இடமிராது. ஆகையால் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியின் குழாய் வழியாகச் சிறு குழல் ஒன்றை விட்டுக் கைப்பம்பினால் உறிஞ்சி எடுப்போம். பிறகு பழைய ஃபில்டரைக் கழற்றிவிட்டுப் புதியதன் ரப்பர் வளையத்தில் சிறிது எண்ணெய் தடவிக் கையாலேயே இறுக்குவோம். கையேட்டில் கண்ட தரத்தில், கண்ட அளவில் புது எண்ணெய் ஊற்றுவோம்.

இத்துடன் வேலை முடிந்ததென்று போய்விடுவோர் உண்டு. முடியவில்லை. மறுபடியும் சில நிமிடம் எஞ்சினை மெல்ல ஓட்ட வேண்டும். புது எண்ணெய் பேரிங்குகளிலும் சிலிண்டர்களிலும் படிந்தால்தான் அது காவலாக நிற்கும். நிறுத்திச் சற்றுப் பொறுத்து, எண்ணெய் இரண்டு கோடுகளுக்கு இடையே இருக்கிறதா, ஃபில்டர் கசிகிறதா என்று பார்த்து, நாளையும் ஓடிய மணியையும் ஓர் அட்டையில் எழுதி எஞ்சினில் கட்டிவிடுவோம். கியர்பெட்டியின் எண்ணெயையும் அன்றே பார்த்துவிடுவது நலம்.

வடித்த எண்ணெய் ஒரு மருத்துவச் சீட்டுப் போன்றது. அது கறுத்திருப்பதைக் கண்டு அஞ்சவேண்டாம். டீசல் எஞ்சினில் எண்ணெய் விரைவிலேயே கறுத்துவிடும். ஆனால் மோர் போல வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது என்று பொருள். டீசல் வாடை வீசி நீர்த்திருந்தால் எரிபொருள் கசிகிறது. உலோகத் துகள் மின்னினால் ஏதோ ஒன்று அளவுக்கு மீறித் தேய்கிறது. இவற்றை மே மாதத்தில் அறிந்தால் செப்பனிட இரண்டு மாதம் இருக்கிறது. ஆகஸ்டில் அறிந்தால் ஒரு நாளும் இல்லை.

ஓராண்டு ஒரே துறையில் நின்ற இரு படகுகளை நாங்கள் பார்த்தோம். எஞ்சின்கள் ஏறத்தாழ ஒரே வயதின. ஓடிய மணியும் ஒப்பானதே. ஒருவர் மே மாதத்தில் எண்ணெயை மாற்றினார். மற்றவர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஆகஸ்டில் முதலாமவர் முதல் நாளே கடலில் இறங்கினார். மற்றவர் படகில் எண்ணெய் அழுத்தம் ஏறவில்லை. பிரித்துப் பார்த்தபோது பேரிங்குகளின் பூச்சு அம்மைத் தழும்பு போலக் குழிந்திருந்தது. ஒரே நிகழ்ச்சியை வைத்து விதி வகுக்க நாங்கள் முன்வரவில்லை. அந்த எஞ்சினில் முன்பே வேறு நோய் இருந்திருக்கலாம். எனினும், தடை நீங்கி மீன் மிகுதியாகக் கிடைக்கும் முதல் மூன்று வாரமும் அவர் கரையில் நின்று பிறர் படகுகள் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்த முகத்தை நாங்கள் மறக்கவில்லை.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் கூறவேண்டும். எண்ணெய் மாற்றினால் எங்களுக்குக் கிடைப்பது அரை நாள் கூலி. எஞ்சின் பழுதானால் பல நாள் வேலை. அவர்களுடைய அசட்டையே எங்களுக்கு ஆதாயம்! அந்தப் பழுதைச் செப்பனிட்டுக் கூலி வாங்கிய அன்றிரவு அண்ணன் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "இனி மே மாதத்து எண்ணெய் வேலைக்கு எண்ணெய் விலையை மட்டும் வாங்குவோம், கூலியை நாரளி பௌர்ணமிக்குப் பிறகு தரட்டும்" என்றார். குடும்பக் கணக்கு அண்ணியார் கையில். "இரண்டு மாதம் நம் வீட்டு அடுப்பு எதனால் எரியும்?" என்று அவர் கேட்டதும் நியாயமே. அடுக்குமாடி வீடுகளின் தண்ணீர்ப் பம்புகளையும் ஜெனரேட்டர்களையும் மழைக்காலத்தில் செப்பனிடத் தொடங்கினோம். முதலாண்டு கை கடித்தது. ஆனால் 'பிறகு' என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களில் பலர் அந்த மே மாதமே அழைத்தார்கள். ஆகஸ்டில் கூலி தராதவர் ஒருவரும் இல்லை.

பழைய எண்ணெயைக் கடலிலோ சாக்கடையிலோ கொட்டலாகாது. 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளுள் அதுவும் அடங்கும். மூடியுள்ள கலத்தில் சேர்த்து, உரிமம் பெற்று மறுசுத்தி செய்வோரிடம் ஒப்படைக்க வேண்டும். மீன் தரும் நீரில் அதை ஊற்றுவது உண்ட கலத்தில் மண் இடுவதாகும்.

படகு இல்லாத அன்பர்களுக்கும் இதில் பயன் உண்டு. கோடை விடுமுறைக்கு ஊருக்குச் சென்று மாதக்கணக்கில் தங்குவோர் காரையோ மோட்டார் சைக்கிளையோ இங்கே நிறுத்திவிட்டுப் போகிறார்கள். எண்ணெய் மாற்றும் காலம் நெருங்கியிருந்தால் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், புறப்படுமுன் மாற்றிவிடுங்கள். வரும் மே மாதத்தில் படகு வைத்திருக்கும் நண்பர் எவரேனும் உங்களுக்கு இருந்தால், அவருக்கும் இச்செய்தியைச் சொல்லுங்கள். கூலிக்கு அவசரமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.