பழைய துப்பாக்கியை வாசித்தல்

பழைய போர்த் துப்பாக்கி வாங்க விரும்புவோருக்கு ஒரு தமிழாசிரியன் என்ன புத்தி சொல்லப் போகிறான் என்று வாசகர் வியத்தல் கூடும். நியாயமான வியப்பே. பல்கலைக்கழகத்தில் என்னோடு தமிழ் பயின்று, இன்று அமெரிக்காவிலே குடியேறியிருக்கும் நண்பர் ஒருவர், இரண்டாம் உலக யுத்தகாலத்துத் துப்பாக்கி ஒன்றை வாங்க எண்ணியிருப்பதாக எனக்கு எழுதினார். 'துவக்கு' என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்த தலைமுறை எங்களுடையது. 2009 வரையில் அந்தச் சொல்லுக்கு எங்கள் வீடுகளிலே ஒரேயொரு பொருள்தான் இருந்தது. அதைப் பணங்கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம் என்பது எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளும் பொருட்டே அத்துறை பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, அது ஏட்டுச்சுவடி ஆராயும் தொழிலுக்கு எவ்வளவு கிட்டிய உறவு என்பது தெரியலாயிற்று. நண்பருக்கு எழுதியவற்றுள் சிலவற்றை இங்கே தருகிறேன்.

முதலில் சட்டம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட, மூலநிலை மாறாத துப்பாக்கிகளை அமெரிக்கச் சட்டம் தனி வகையாகக் கொள்கிறது. 30 டொலர் செலுத்தி மூன்றாண்டுக்குரிய சேகரிப்பாளர் உரிமம் பெற்றவர், அவற்றை வேறு மாநிலத்திலிருந்தும் நேரடியாக வருவித்துக்கொள்ளலாம். தத்தம் மாநிலச் சட்டத்தையும் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டின் பின்னணியில் ஓர் இரத்தக்கறை உண்டு. யுத்தம் முடிந்தபின் ஐரோப்பிய அரசுகள் தமக்கு வேண்டாத துப்பாக்கிகளை மலிவாக விற்றுத் தள்ளின; அமெரிக்காவில் அவை தபாலிலேயே கிடைத்தன. 1963இல் ஜனாதிபதி கென்னடியைக் கொன்ற இத்தாலியக் கார்க்கானோத் துப்பாக்கி, குறிபார்க்கும் தொலைநோக்கியுடன் 20 டொலருக்கும் குறைந்த விலைக்குத் தபாலில் வந்ததே. 1968ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாயிலை அடைத்தது. வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர் தம் பெயரைத் துப்பாக்கியிலே பொறிக்க வேண்டும் என்றும் விதித்தது. சேகரிப்போர் இந்தப் பொறிப்பை வெறுக்கின்றனர். அதனால் விலை குறைகிறது. புதிதாக வாங்குபவர் அதனை வெறுக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். அப்பொருள் வந்த வழியை ஒளிவின்றிச் சொல்லும் பொறிப்பு அது.

இனி, பொருளைக் கையிலெடுத்தால் எங்கே பார்ப்பது? புதியவர் மரக்கட்டையின் மினுக்கத்தைப் பார்க்கிறார். பழகியவர் குழலினுள்ளே வெளிச்சம் விட்டுப் பார்க்கிறார். சுழன்று செல்லும் புரிகள் கூர்மையாக உள்ளனவா, துருவேறிக் குழி விழுந்துள்ளனவா என்று நோக்குகிறார். பழைய இராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் வெடிமருந்துத் தூண்டியில் உப்பாக எஞ்சும் பொருள் உண்டு. சுட்டபின் வெந்நீரால் கழுவாது விட்டால் அவ்வுப்பு ஈரத்தை ஈர்த்துக் குழலை அரிக்கும். எண்ணெய் மட்டும் பூசினால் உப்பு கரையாது. எந்த மினுக்கமும் இச்சேதத்தை ஈடுசெய்யாது. மினுக்கமோ பலவேளைகளில் சேதமே. மரத்தை உரசித் தேய்த்தவன் அதிலிருந்த முத்திரைகளையும் தேய்த்துவிடுகிறான். அரித்த ஏட்டின் ஓரத்தை அழகுக்காக நறுக்கிவிடுபவனை நாம் என்ன சொல்வோம்?

அடுத்தது எண்கள். குழலிலும் போல்டிலும் பிறவிடங்களிலும் ஒரே எண் இருந்தால் விலை உயரும். ஆனால், எண் ஒத்திருப்பது வேறு, அன்றே ஒத்திருந்தது வேறு. ருஷ்ய மோசின்-நாகன் துப்பாக்கி 1891இல் ஏற்கப்பட்டது; கோடிக்கணக்கில் செய்யப்பட்டது. யுத்தத்தின்பின் சோவியத் ஆயுதசாலைகள் அவற்றைப் பிரித்து, பழுது தீர்த்து, பாகங்களைக் கலந்து பூட்டி, பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணைப் பொறித்துக் களஞ்சியத்தில் இட்டன. அது மோசடியன்று, பாடபேதம். மோசடி வேறு விதமாக வரும். கைபர் கணவாய்ப் பகுதியின் பட்டறைகளில் கையால் செய்யப்பட்ட பிரித்தானியத் துப்பாக்கிப் போலிகளில் எழுத்துப்பிழைகள் உண்டு. ஆங்கில 'என்' எழுத்துத் திரும்பி நிற்கும். 1901இல் இறந்த விக்டோரியா மகாராணியின் முத்திரை அவர் இறந்தபின் வந்த ஆண்டொன்றோடு காட்சி தரும். இடைச்செருகலைக் கண்டுபிடித்துப் பழகிய தமிழ் மாணவனுக்கு இவை புதியன அல்ல.

யப்பானிய அரிசாகாவில் சக்கரவர்த்தியின் பதினாறிதழ்ச் செவ்வந்தி முத்திரை உண்டு. 1945இல் சரணடைந்தபோது பெரும்பாலானவற்றில் அதனை அராவி அழித்துவிட்டார்கள். அழியாத பூ இன்று கூடிய விலை பெறுகிறது. எனக்கோ அந்த அராவிய தழும்புதான் பெரிய சரித்திரம். ஒரு சாம்ராச்சியம் முடிந்ததற்கு அதைவிடச் சுருக்கமான சாசனம் வேறு ஏது?

சுவரில் மாட்ட மட்டும் வாங்குவோரும் ஒருநாள் சுட்டுப் பார்க்க ஆசைப்படுவர். அங்கே உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. அமெரிக்க ஸ்பிரிங்பீல்ட் 1903 துப்பாக்கிகளுள், ஸ்பிரிங்பீல்ட் ஆயுதசாலையின் 8,00,000க்குக் குறைந்த எண்ணுடையனவும், றொக் ஐலண்ட் ஆயுதசாலையின் 2,85,507க்குக் குறைந்த எண்ணுடையனவும் உருக்கைச் சூடேற்றுவதில் நேர்ந்த தவறினால் நொறுங்கக் கூடியவை, அவற்றைச் சுடலாகாது. யப்பானியப் பயிற்சித் துப்பாக்கிகள் சில பார்வைக்கு உண்மையானவை போலிருப்பினும் மெல்லிய வார்ப்பிரும்பு. உண்மையான தோட்டாவுக்கு ஆகாதவை. வேறெதையும் அறிந்த திருத்துநர் ஒருவரிடம் காட்டி, போல்டின் முகத்துக்கும் தோட்டாவுக்கும் உள்ள இடைவெளியை அளவுகருவியால் பார்த்தபின்னரே சுட வேண்டும். எண் ஒத்த போல்டு இல்லாதவிடத்து இது இரட்டிப்பு அவசியம்.

நண்பரின் கண் சென்றது ஜேர்மன் மௌசர் மீது. 1943ஆம் ஆண்டினது, எல்லா எண்களும் ஒத்தவை, குழலுக்குப் பின்னுள்ள இரும்புடலில் 'பி, சி, டி' என மூன்று சிற்றெழுத்துக்கள். விற்பவர் அவ்வெழுத்துக்களைத் தனியே படம்பிடித்து அனுப்பியிருந்தார். யுத்தகாலத்தில் ஜேர்மனியர் தொழிற்சாலைகளின் பெயரை மறைக்க இவ்வாறு இரகசிய எழுத்துக்களைப் பொறித்தனர். இது வைமார் நகரத்துக் குஸ்ட்லொவ் தொழிற்சாலையின் குறி. வைமார் கெதேயும் ஷில்லரும் வாழ்ந்த ஊர். அதன் அருகே, எட்டர்ஸ்பேர்க் குன்றின் மேலே, புக்கன்வால்ட் வதைமுகாம். 1943இல் முகாமின் பக்கத்திலேயே குஸ்ட்லொவ் நிறுவனம் இரண்டாவது தொழிற்சாலையொன்றை அமைத்துத் துப்பாக்கிப் பாகங்களைக் கைதிகளைக்கொண்டு செய்வித்தது. 1944 ஆகஸ்ட் 24இல் அமெரிக்க விமானங்கள் அதன்மேல் குண்டு வீசியபோது இறந்தவர்களுள் நூற்றுக்கணக்கானோர் அக்கைதிகளே. ஸ்டெயர் நிறுவனமும், 'பி, என், இஸட்' என்ற குறியின் கீழ், குசென் முகாமின் கைதிகளிடம் இவ்வாறே வேலை வாங்கியது.

கைதிகள் அறிந்தே பாகங்களைப் பழுதாகச் செய்தமை பற்றி உயிர்தப்பியோர் எழுதியுள்ளனர். சேகரிப்போரின் விலைப்பட்டியலில் பொருந்தாத பாகம் குறையாகும். அக்குறை ஒரு மனிதன் தன் உயிரைப் பணயம் வைத்துச் செய்த வேலையாக இருக்கலாம் என்பதற்குப் பட்டியலில் நிரலில்லை.

வாங்க வேண்டாம் என்று நான் நண்பருக்கு எழுதவில்லை. அழித்துவிடுவதால் அந்தக் கைகளுக்கு யாதும் கிட்டப்போவதில்லை. வாங்கினால் மினுக்க வேண்டாம். எழுத்துக்களை வர்ணம் பூசி எடுப்பாக்க வேண்டாம். தோட்டாவைப் பூட்டிய வேறொரு பெட்டியில் வைக்கவும் என்று எழுதினேன். வைமார், புக்கன்வால்ட், 1943 என்ற மூன்று விபரங்களை அவரது கையெழுத்தில் ஒரு தாளில் எழுதி, அதைத் துப்பாக்கியோடு சேர்த்தே வைக்குமாறும், ஒருநாள் விற்க நேர்ந்தால் அத்தாளையும் உடன் கொடுத்துவிடுமாறும் கேட்டிருக்கிறேன்.