எவ்வளவு கொடுக்கிறது?

பழைய கார் வைத்திருப்பவரிடம் எங்கள் ஊரில் முதலில் கேட்கப்படும் கேள்வி, 'எவ்வளவு கொடுக்கிறது?' என்பதுதான். கறவை மாட்டைப் பற்றி விசாரிக்கும் அதே வினைச்சொல். சாலைகளில் கிலோமீட்டர் வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் 'மைலேஜ்' என்ற சொல்லை நாம் கைவிடவில்லை. மாடோ காரோ, கொடுப்பது குறைந்தால் விற்றுவிட வேண்டும் என்பது கேட்பவரின் சொல்லப்படாத அடுத்த வாக்கியம்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் நிற்பது ஓர் அம்பாசடர். 1995இல் மாமனார் வாங்கியது. இசுஸு எஞ்சின் பொருத்திய 1800 சிசி பெட்ரோல் வண்டி. 2 லட்சம் கிலோமீட்டரைக் கடந்துவிட்டது. உத்தரபாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றுபோயிற்று. 2025இல் ஆர்.சி. புதுப்பிக்கும் தவணை நெருங்கியபோது, வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா என்ற பேச்சு எழுந்தது. மாமியாருக்கு முழங்கால் வலி. தாழ்வான கார்களில் குனிந்து ஏற அவரால் இயலாது. இந்த வண்டியில் நாற்காலியில் அமர்வதுபோல் அமர்ந்துவிடுவார். தில்லைநகர் மருத்துவரிடம் மாதம் இருமுறை அழைத்துச் செல்ல வேண்டும். ஆகவே எங்களுக்கு இது வெறும் எண்ணைப் பற்றிய கேள்வியாக இல்லை.

நல்லவேளையாக, 2022 முதல் ஒரு குறிப்பேடு வைத்திருந்தோம். முறை எளிது: டாங்கை நிரப்பி ஓடிய கிலோமீட்டரைக் குறித்துக்கொள்வது, அடுத்த முறை அதே பங்க்கில் நிரப்பி, ஓடிய தூரத்தைப் பிடித்த லிட்டரால் வகுப்பது. ஊருக்குள் எட்டரை, தஞ்சாவூர்ச் சாலையில் பன்னிரண்டு என்று வந்தது. எஞ்சின் சூடேறும் முன்பே முடிந்துவிடும் சிறு பயணங்களில் எண் இன்னும் சரிந்தது.

1976இல் கட்டப்பட்ட காவிரிப் பாலம் 2022 நவம்பரில் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டு 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. அந்த மாதங்களில் திருவானைக்காவல், சென்னை நெடுஞ்சாலைப் பாலம், சஞ்சீவி நகர் என்று சுற்றித்தான் கல்லூரிக்குப் போனோம். எட்டு கிலோமீட்டர் பதின்மூன்றாயிற்று. நெரிசல் குறைந்த சாலையில் மைலேஜ் எட்டரையிலிருந்து பத்துக்கு உயர்ந்தது; ஒரு வழிக்கான பெட்ரோலோ ஒரு லிட்டருக்கும் குறைவாக இருந்தது 1.3 லிட்டராகியது. மைலேஜும் செலவும் ஒருசேர உயரக்கூடும் என்று அந்தக் குறிப்பேடுதான் கற்பித்தது.

2025இல் எண் எட்டுக்கு இறங்கியது. வயதாகிவிட்டது என்றார்கள் நண்பர்கள். ஆனால் அதற்குள் பங்க்குகளில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவிவிட்டது. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. எத்தனாலற்ற பெட்ரோலுக்கென வடிவமைத்து 10 விழுக்காட்டுக் கலப்புக்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் எரிபொருள் திறன் 6 முதல் 7 விழுக்காடு குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டிருந்தது. எங்கள் வண்டி அவற்றுக்கும் முந்தையது. அதன் சரிவும் அந்த அளவை ஒட்டியே இருந்தது. ரப்பர்க் குழாய்களை மட்டும் மெக்கானிக் மாற்றிக் கொடுத்தார்.

பிறகு கணக்கு. ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர் ஓட்டுகிறோம். எட்டுக்கு 625 லிட்டர். பதினாறு கொடுக்கும் புதிய காருக்கு 312 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் மிச்சம் ஏறத்தாழ 31,000 ரூபாய். பழுதுச் செலவு 20,000 ரூபாயைச் சேர்த்தாலும், எட்டு லட்ச ரூபாய்க் காரின் விலையை மிச்சம் பிடிக்கப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகும்.

இந்தச் சிக்கல் அம்பாசடருக்கு மட்டும் உரியதன்று. பனிப்பொழியும் நாடுகளில் நான்கு சக்கரங்களுக்கும் விசை செலுத்தும் செடான்கள் உண்டு. கூடுதல் தண்டும் பற்சக்கரங்களும் எடையும் உராய்வும் பெட்ரோலைக் கேட்கும். அமெரிக்காவில் 2008 மாடல்கள் தொட்டுச் சோதனை முறையே மாற்றப்பட்டு, அறிவிக்கப்படும் எண்கள் குறைக்கப்பட்டன. பழைய எண்ணை நம்பி வண்டியைக் குறைசொன்னவர்கள் அங்கும் இருந்திருப்பார்கள்.

பழைய வண்டியை விளம்பரத்து எண்ணோடும் பக்கத்து வீட்டுப் புதுக் காரோடும் ஒப்பிடுவதில் பொருளில்லை. அதன் நேற்றோடுதான் அதை ஒப்பிட வேண்டும். திடீரென்று ஒரு கிலோமீட்டர் குறைந்தால் டயர்க் காற்று, பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், ஏர் ஃபில்டர், கார்புரேட்டர் என்று வரிசையாகப் பார்க்கலாம். குறையாதிருந்தால் அதுவே அதன் இயல்பு.

ஆர்.சி.யை 2030 வரை புதுப்பித்துவிட்டோம். மாமியார் வழக்கம்போல் முன்னிருக்கையில்தான் அமர்கிறார்.