எழுதக் கற்பித்த ஏடுகள்

பிறந்த மண்ணை விட்டு வந்த குடும்பங்களில் தமிழ் முதலில் அடுக்களையில் தங்கும். அடுத்துப் பூசையறையில் தங்கும். எழுதும் மேசைக்கு அது வந்து சேர்வதுதான் அரிது. தில்லியில் பிறந்து வளர்ந்த என் போன்றோர் பலரின் நிலையும் இதுவே. பசித்தபோது தமிழில் கேட்டோம். தெருவில் விளையாடியபோது இந்தியில் கூவினோம். தேர்வு என்று வந்தால் ஆங்கிலத்தில் எழுதினோம். ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு, அதற்குக் காரணம் காட்டி, மறுப்புக்கு விடை கூறி முடிக்க வேண்டுமென்றால் என் மனம் தானாகவே ஆங்கிலத்தை நாடும். அந்த வழக்கத்தை மாற்றியவை சில தமிழ் நூல்கள். இன்று முதுகலை பயிலும் மாணவி என்ற நிலையில் நின்று, அந்நூல்களுக்கு நான் பட்டிருக்கும் கடனை எண்ணிப் பார்க்க விழைகிறேன்.

முதலில் வந்தவர் டாக்டர் மு. வரதராசனார். நான் பத்தாம் வகுப்பில் பயின்றபோது, மதுரையிலிருந்து வந்த அத்தை அவருடைய கடித நூல்களைக் கொண்டுவந்து கொடுத்தார். ‘அன்னைக்கு’, ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’, ‘நண்பர்க்கு’ என்னும் தலைப்புகளே எனக்குப் பாடமாயின. மொழி, நாடு, ஒழுக்கம் முதலிய பெரும் பொருள்களைப் பற்றியே மு.வ. பேசுகிறார், ஆயினும் மேடையிலிருந்து பேசவில்லை, உறவினரிடம் பேசுகிறார். யாருக்கு எழுதுகிறோம் என்பது தெளிந்துவிட்டால், எவ்வாறு எழுதுவது என்பதில் பாதி விளங்கிவிடும். அதன்பின் கட்டுரை எழுத அமரும்போதெல்லாம், கேட்பவர் ஒருவரை மனத்தில் எதிரே அமர்த்திக்கொள்ளலானேன். பெரும்பாலும் அவர் என் பாட்டியாகவே இருந்தார்.

அடுத்து வந்தவர் திரு.வி.க. 1917-ல் ‘தேசபக்த’னையும், பின்னர் ‘நவசக்தி’யையும் நடத்தி, அரசியலைத் தமிழிலேயே பேச முடியும் என்று காட்டியவர் அவர். 1918-ல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்திலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. ஆலைத் தொழிலாளர் கூட்டத்தில் பேசுபவருக்கு நீண்ட வாக்கியம் உதவாது. கேட்பவன் ஒரு முறைதான் கேட்பான். அந்த ஒரு முறையிலேயே பொருள் விளங்க வேண்டும். அவருடைய சிறு வாக்கியங்களின் மிடுக்கு அத்தகைய கூட்டங்களில் பிறந்ததென்றே நான் கருதுகிறேன். ஆங்கிலப் பாடநூல்களைப் படித்துப் பழகிய என் தமிழ் வாக்கியங்கள், ‘என்பதனால்’, ‘என்றபோதிலும்’ என்று தொடர்வண்டிபோல நீளும். திரு.வி.க.வைப் படித்த பிறகு அவற்றை வெட்டக் கற்றேன்.

சுருங்கச் சொன்னால் மட்டும் போதுமா? சொல்வது மெய்யாக இருக்க வேண்டாமா? இதை உணர்த்தியது உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1940-ல் ஆனந்த விகடனில் தொடங்கி, 1942-ல் ஆசிரியர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்ற நூல் அது. 1880-ல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார், ‘என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள்?’ என்று வினவுகிறார். ஐயர் தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் அடுக்குகிறார். முதலியாரோ அவற்றைப் பெரிதாக மதிக்கவில்லை. அந்தச் சந்திப்பே சீவக சிந்தாமணியை ஐயர் கையில் சேர்த்தது. 1887-ல் அதன் பதிப்பு வெளிவந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் சமண சமயக் கொள்கைகளை அறிய அவ்வூர்ச் சைனர்களிடமே சென்று கேட்டுத் தெளிந்தார். பெரும்புலவர் ஒருவர், ‘இது எனக்கு விளங்கவில்லை’ என்று பிறர் வாயிலில் நின்று கேட்ட வரலாற்றைத் தாமே எழுதுகிறார். அறிந்ததை எழுதுவதற்கு முன், அறியாததைக் கேட்டுத் தெளிய வேண்டும் என்னும் நெறியை நான் அங்கே கற்றேன்.

நான்காமவர் ரா.பி. சேதுப்பிள்ளை. அவருடைய ‘தமிழின்பம்’, 1955-ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற முதல் தமிழ் நூல். எனக்குக் கண் திறந்ததோ அவருடைய ‘ஊரும் பேரும்’. அதைப் படித்த நாள்முதல், பேருந்தின் சன்னல் வழியே பார்த்த தில்லியே எனக்கு மாறிப்போயிற்று. யூசுப் சராய், கட்வாரியா சராய், பேர் சராய் என்று எத்தனை சராய்கள்! சராய் என்றால் வழிப்போக்கர் தங்கும் சத்திரம். நம் ஒட்டன்சத்திரத்துக்கு இவை உடன்பிறப்புகள் அல்லவா? தௌலா குவான் என்பது வெள்ளைக் கிணறு. சென்னையிலோ ஏழுகிணறு இருக்கிறது. கரோல் பாக்கில் ஒரு தோட்டம் ஒளிந்திருக்கிறது. நாள்தோறும் நம்மவர் ஏறி இறங்கும் நிறுத்தங்களின் பெயர்களை வைத்து, ‘தலைநகரில் ஊரும் பேரும்’ என்று ஒரு கட்டுரை எழுதினேன். தமிழில் எழுதுவதென்றால் தமிழ்நாட்டைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்றிருந்த எண்ணம் அன்று அகன்றது. எந்த மண்ணில் நிற்கிறோமோ அந்த மண்ணையும் தமிழால் அறியலாம்.

இவர்களுக்கெல்லாம் மூத்த ஆசானைக் கல்லூரியில்தான் கண்டேன். சிலப்பதிகாரத்தின் இருபத்து மூன்றாம் காதைக்குப் பெயரே ‘கட்டுரை காதை’. மதுரை எரிகிறது. கொதித்து நிற்கும் கண்ணகியின் முன்னே வர அஞ்சிய மதுராபதித் தெய்வம், பின்னே வந்து நின்று பேசுகிறது. பாண்டியர் செங்கோன்மையை எடுத்துரைக்கிறது. முற்பிறப்பின் வினையைக் கூறுகிறது. பதினான்காம் நாள் கணவனைக் காண்பாய் என்கிறது. இதில் ஆணையில்லை, ஆரவாரமில்லை. துயருற்ற ஒருத்திக்கு, நடந்ததன் காரணத்தை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துச் சொல்லும் பேச்சு. கட்டுரை என்னும் சொல் இங்கே அத்தகைய பேச்சுக்குப் பெயராக நிற்கிறது. பிறரை வாதில் வெல்வதற்கே கட்டுரை என்று எண்ணியிருந்த எனக்கு இது புதுமையாக இருந்தது.

அவ்வாண்டே எங்கள் தாத்தா நெல்லைச் சீமையில் காலமானார். பாட்டிக்குச் செவிப்புலன் குன்றியதால் தொலைபேசியில் பேச இயலாது. ‘தில்லியில் அவ்வளவு பெரிய ஆசுபத்திரிகள் இருக்க, ஏன் அவரை அங்கே அழைத்துப் போகவில்லை?’ என்று வருவோரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு விடை சொல்ல நா எழவில்லை. நான் கடிதம் எழுதினேன். நோய் எப்போது தெரியவந்தது, மருத்துவர் என்ன சொன்னார், அத்தனை தொலைவுப் பயணத்தை அவர் உடல் ஏன் தாங்காது, தம் வீட்டுத் திண்ணையை விட்டு வரத் தாத்தாவே எவ்வாறு மறுத்தார் என்று வரிசையாக எழுதினேன். அலங்காரம் ஒன்றும் சேர்க்கவில்லை. சித்தி அதைப் படித்துக் காட்டியபோது பாட்டி இன்னொரு முறை படிக்கச் சொன்னாராம். பின்னர் வாங்கி வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாராம். அதன்பின் அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை.

போட்டிகளுக்கும் மலர்களுக்கும் நான் எழுதியவை சில உண்டு. எனினும் என் முதற் கட்டுரை எதுவென்று கேட்டால், அந்தக் கடிதத்தையே சொல்வேன். ஆங்கிலத்தில் அதை இன்னும் விரைவாக எழுதியிருப்பேன். ஆனால் பாட்டிக்கு அது ஒரு சொல்லும் எட்டியிராது.

வெளிமாநிலத்தில் வாழும் நம் குழந்தைகள் தமிழ் பேசுகிறார்கள் என்று மகிழ்கிறோம். மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், உண்ணவும் உறங்கவும் அழைக்கும் மொழியாக மட்டும் அது நின்றுவிட்டால், துயரத்தில் தேற்றவும் ஐயத்தில் காரணம் காட்டவும் நாளை அவர்களுக்குத் தமிழ் கைகொடாது. இதற்குப் பெருமுயற்சி வேண்டுவதில்லை. நம் சங்க நூலகத்தில் மு.வ.வும் திரு.வி.க.வும் ஐயரும் சேதுப்பிள்ளையும் காத்திருக்கிறார்கள். வாரம் ஒருநாள், அவர்கள் நூலில் ஒரு பக்கத்தை வீட்டில் உரக்கப் படித்தாலே போதும்; குழந்தை பின்னர்த் தானே எழுதும்.