பேனாக் கத்தியின் ஆட்டம்

வீட்டிலே ஒரு பொருள் பழுதடைந்தால் அதனைத் திருத்துவதா, எறிவதா என்னும் வழக்கு உடனே எழும். குடைக்கும் கதிரைக்கும் மணிக்கூட்டுக்கும் இவ்வழக்கு நடைபெறும். ஈற்றில் யாரோ ஒருவர் அவற்றுக்காகப் பரிந்து பேசுவர். பேனாக் கத்திக்கோ விசாரணையின்றியே தீர்ப்பு வழங்கப்படுகின்றது. "கத்தி ஆடுகிறது, இனி உதவாது" என்று சொல்லி, அதனை மேசை இலாச்சியின் மூலையில் தள்ளிவிடுகின்றோம். இத்தீர்ப்புப் பெரும்பாலும் அநீதியானது என்பதே நாம் இங்கு சொல்ல விரும்புவது.

இறகுப் பேனாவால் எழுதிய காலத்தில் அவ்விறகின் முனையைச் சீவுவதற்குப் பயன்பட்டமையால் இச்சிறு கத்திக்குப் பேனாக் கத்தி என்னும் பெயர் வந்தது. இறகுப் பேனா மறைந்துவிட்டது; கத்தி மறையவில்லை. பென்சில் சீவுதற்கும், பாக்குச் சீவுதற்கும், மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுதற்கும், கடிதவுறை திறப்பதற்கும் அது இன்றும் உதவுகின்றது. நம் முன்னோர் சட்டைப் பையிலே கொண்டு திரிந்தவற்றுட் பல, இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரிலிருந்து வந்தவை. அந்நகரத்துக் கத்தித் தொழிலாளருக்கென 1624 ஆம் ஆண்டிலேயே சட்டப்படி ஒரு சங்கம் அமைக்கப்பட்டது. 1851 ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சிக்காக, 75 அலகுகளும் கருவிகளும் கொண்ட ஒரு மடக்குக் கத்தியை அந்நகரத்தார் செய்தனர். நம் கைக் கத்திக்கு ஓர் அலகோ இரண்டோதான் உண்டு. ஆயினும் அவ்விரண்டும் ஆடாமலிருப்பதே நமக்குப் பெரும்பாடாயிருக்கின்றது.

எம் வீட்டிலும் அத்தகைய கத்தி ஒன்றுண்டு. கொம்புப் பிடியும் ஈரலகும் உடையது. எம் தந்தையார் காலமான பின், அவர் விட்டுச் சென்ற பொருள்களுள் நாள்தோறும் கைப்படுவது அது ஒன்றே. அன்னையார் அதனாலேயே பாக்குச் சீவுவார். சில மாதங்களுக்கு முன், எம் மருமகன் அதனாற் பென்சில் சீவிக்கொண்டிருந்தான். பெரிய அலகு பக்கவாட்டிற் சரிந்து அவன் விரலைக் கிழித்துவிட்டது. காயம் சிறிதாயினும் வீட்டிற் கலக்கம் பெரிது. கத்தியைக் கிணற்றில் எறிந்துவிடும்படி சிலர் கூறினர். அன்னையார் அதனைக் கையில் வாங்கிச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கத்தி போனாப் போகட்டும், தம்பி, பிள்ளையின்ரை விரல்தான் முக்கியம்" என்றார். அவ்வாறு சொன்னாரேயன்றிக் கத்தியை எம்மிடம் தருவதற்கு அவர் கை உடனே நீளவில்லை. திருத்தினால் நன்கு திருத்தவேண்டும். அன்றேல் விட்டுவிடவேண்டும் என்பது எமக்கு விளங்கிற்று.

திருத்துவதற்கு முன் கத்தியின் அமைப்பை அறிதல் வேண்டும். அலகின் அடிப்பாகம் இரு மெல்லிய பித்தளைத் தகடுகளுக்கிடையே நிற்கின்றது. தகடுகளையும் அலகையும் ஊடுருவிச் செல்லும் சிறு தறையாணியே அச்சாணி. முதுகுப் பக்கத்திலே உருக்கினாலாய வில்லொன்று அலகின் அடியை அழுத்திக்கொண்டிருக்கும். திறக்கும்போதும் மூடும்போதும் "டக்" என்று ஒலிப்பது இவ்வில்லின் வேலை. ஆணியின் இரு தலைகளும் தகடுகளை நெருக்கிப் பிடித்திருக்கும் வரை அலகு அசையாது. அப்பிடி தளர்ந்தால் ஆட்டம் தொடங்கும்.

தளர்ச்சி எவ்வாறு உண்டாகின்றது? பெரும்பாலும் நாம் கத்தியைக் கத்தியாகப் பயன்படுத்தாமையால் உண்டாகின்றது. தகரப் பேணியின் மூடியை நெம்புகின்றோம், திருகாணியைச் சுழற்றுகின்றோம். கத்தி தன் விளிம்பின் திசையில் வரும் விசையைத் தாங்குமாறு அமைந்தது. பக்கவாட்டு விசைக்காக அமைந்ததன்று. மூன்று அங்குல அலகின் அடியிலே பிடிப்பு அரை அங்குலந்தான் எனக் கொள்வோம். நுனியில் நாம் கொடுக்கும் பக்க விசை, நெம்புகோல் முறைப்படி, அடியில் ஏறக்குறைய ஆறு மடங்காகின்றது. மாணவர்கள் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், அடியிலுள்ள மயிரிழை இடைவெளி நுனியில் ஆறு மடங்கு ஆட்டமாகத் தோன்றும். ஆதலாற் பெரிதாக ஆடும் கத்தியிலும் குறை மிகச் சிறிதாயிருத்தல் கூடும்.

முதல் வேலை சுத்தஞ் செய்தல். சட்டைப் பையின் பஞ்சும் புழுதியும் பழைய எண்ணெயும் சேர்ந்து அச்சாணியைச் சுற்றி இறுகியிருக்கும். கத்தியின் மூட்டிற் சிறிது மண்ணெண்ணெய் விட்டு, ஊறிய பின் பழைய பல்துலக்கியால் தேய்த்துத் துடைத்தல் வேண்டும். சுத்தஞ் செய்த பின் ஆட்டம் கூடிவிட்டதே என்று சிலர் திகைப்பர். அழுக்கு அடைத்து நின்ற இடைவெளி இப்போது வெளிப்பட்டதே அதன் காரணம். உண்மை நிலையை இப்போதுதான் அறியமுடியும். ஈற்றிலே தையல் மெசினுக்கு விடும் எண்ணெய் ஒரு துளி போதும். சமையல் எண்ணெய் நாட்பட்டாற் பிசுபிசுத்துப் புழுதியைப் பிடிக்குமாதலின் அது வேண்டா.

அடுத்தது சோதனை. அலகைத் திறந்து, அதன் முதுகைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து, முதலில் இடமும் வலமுமாகவும், பின்னர் மேலுங் கீழுமாகவும் மெதுவாக அசைத்துப் பார்க்கவேண்டும். இடம் வலமாக ஆடினால் ஆணித் தலைகள் தளர்ந்துள்ளன. இதனை வீட்டிலேயே திருத்தலாம். மேலுங் கீழும் ஆடினால் ஆணியோ அதன் துவாரமோ தேய்ந்திருத்தல் கூடும். துவாரத்தைப் பெருப்பித்துத் தடித்த ஆணி பூட்டுவது அனுபவமுள்ள தொழிலாளியின் வேலை. ஆணியை எவ்வளவு இறுக்கினாலும் இவ்வாட்டம் தீராது. இரண்டையும் ஒன்றென எண்ணி அடிப்பதனாலேயே பல கத்திகள் பாழாகின்றன.

இக்காலத்துக் கத்திகள் பலவற்றில் தறையாணிக்குப் பதிலாகத் திருகாணி உண்டு. பொருத்தமான திருப்புளியால் அரைக்காற் சுற்று மட்டுமே திருப்பி, அலகைத் திறந்து மூடிப் பார்த்து, தேவையாயின் மீண்டுஞ் சிறிது திருப்பலாம். மரப்பிடிக் கத்தியோ வேறு இயல்புடையது. பிரான்சின் சவோய் மலைநாட்டில் 1890 ஆம் ஆண்டளவிற் பிறந்த ஒப்பினெல் கத்தி போன்றவற்றில், ஈரம் ஏறினால் மரம் பருத்து அலகு இறுகும், காய்ந்தால் இளகும். மாரி காலத்தில் இறுகிய கத்தியை வற்புறுத்தாமல் உலரவிடுதலே மருந்து.

எம் கத்தி தறையாணிக் கத்தி. ஆட்டமும் இடம் வலமானதே. கூர்விளிம்பைத் தடித்த துணியாற் சுற்றிக் கட்டினோம். பிடியின் தலைப்பிலுள்ள உலோகப் பூணைச் சாய்த்துப் பார்த்தபோது ஆணியின் வட்டம் மங்கலாகத் தெரிந்தது. அவ்வட்டத்தின் ஒரு பக்கத்தைச் சிறு பட்டடையில் அமர்த்தி, மறுபக்கத்தை உருண்டைத் தலைச் சுத்தியலால் நான்கு முறை மெல்லத் தட்டினோம். பின் கத்தியைப் புரட்டி அவ்வாறே செய்தோம். ஒவ்வொரு முறையும் அலகைத் திறந்து மூடிப் பார்த்தோம். மருமகன் அருகிலிருந்து தட்டுகளை எண்ணினான். மூன்றாம் சுற்றில் ஆட்டம் நின்றது. நான்காம் சுற்றுத் தட்டவில்லை. ஆணியை இறுக்குதல் எளிது. மிகையாய் இறுகியதை இளக்குதல் அரிது. பூண் இல்லாது, கொம்பிலோ எலும்பிலோ ஆணித்தலை நேரே அமர்ந்திருக்கும் கத்திகளில் இம்முறை ஆகாது. ஓர் அடியிலேயே பிடி வெடித்துவிடும்.

அன்று மாலை அன்னையார் பாக்கொன்றை எடுத்துச் சீவிப் பார்த்தார். சீவல் மெல்லியதாய், ஒரே கனத்தில் விழுந்தது. "கொப்பர் இருக்கேக்கை இப்பிடித்தான் விழும்" என்று சொல்லிவிட்டு வெற்றிலைத் தட்டை அருகில் இழுத்துக்கொண்டார். மருமகனுக்கும் கத்தி மீண்டும் கொடுக்கப்பட்டது. ஆனால் விரலை நோக்கிச் சீவலாகாது என்னும் கட்டளையுடன். ஆட்டம் அவன் விரலைக் கிழித்ததற்கு ஒரு காரணமேயன்றி முழுக்காரணமன்று.

இதனை வாசிக்கும் வீடுகளிலும், இலாச்சியின் மூலையிலே தீர்ப்புப் பெற்ற கத்தி ஒன்று கிடத்தல் கூடும். அடுத்த விடுமுறை நாளில் அதனை வெளியே எடுங்கள். சுத்தஞ் செய்து, இரு திசையிலும் அசைத்துப் பாருங்கள். உங்கள் கைக்கு அடங்கும் குறையாயின் நீங்களே திருத்துங்கள். அடங்காதாயின் தொழிலறிந்தவரிடங் கொடுங்கள். அலகின் வேரில் வெடிப்புக் கண்டாலோ, வில் தன் விசையை முற்றாக இழந்திருந்தாலோ, அதனைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாதபடி வைத்துவிடுங்கள். எறிவதாயினும் விசாரித்தபின் எறிவோம்.