கோழிக் கூண்டில் ஒரு ஸ்டூடியோ

லிமிங்டன் துறையில் கப்பலேறினால் நாற்பது நிமிஷத்தில் யார்மவுத். அங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனால் பிரெஷ்வாட்டர். இங்கிலாந்தின் தென்கரைக்கு எதிரே கிடக்கும் வைட் தீவின் மேற்குக் கோடி அது. சுண்ணாம்புக் குன்றுகள் வெள்ளை வெளேரென்று கடலில் இறங்குகின்றன. மேலே ஏறினோமோ இல்லையோ, காற்று அடித்த அடியில் என் புடவைத் தலைப்பு என் வசத்தில் இல்லை.

"கவி டென்னிஸன் தினமும் இங்கேதான் உலாவுவாராம், அம்மா" என்றாள், லண்டனிலிருந்து எங்களை அழைத்து வந்த என் பெண்.

"அவருக்கென்ன, புடவையா கட்டியிருந்தார்?" என்றார் இவர்.

நாங்கள் பார்க்கப் போனது டென்னிஸனை அல்ல. அவருடைய அண்டை வீட்டு அம்மாளை. கடலைப் பார்த்துக் கொண்டு, நடுவில் ஒரு சிறு கோபுரத்துடன் நிற்கிறது அந்த வீடு. பெயர் 'டிம்போலா'. எங்கோ கேட்ட பெயராக இருக்கிறதல்லவா? இலங்கை மலைநாட்டுத் திம்புளையேதான்! வாசலில் கிதாரும் கையுமாக ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்ற பாடகரின் சிலை நிற்கிறது. 1970-ல் இந்தத் தீவில் நடந்த இசை விழாவில் பாடினவராம். அந்த அம்மாள் அப்போது இருந்திருந்தால் அவரையும் சும்மா விட்டிருக்க மாட்டாள். பிடித்து நிறுத்தி ஒரு படமாவது எடுத்திருப்பாள்.

ஜூலியா மார்கரெட் காமெரான் 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவள். கணவர் சட்ட நிபுணர். இவளைவிட இருபது வயது மூத்தவர். இலங்கையில் காப்பித் தோட்டம் வாங்கியவர். 1863 டிசம்பரில் அவர் தோட்டங்களைப் பார்க்கப் போயிருந்தார். தாயார் தனியாக இருக்கிறாளே என்று பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு காமிராவை வாங்கிக் கொடுத்தார்கள். அப்போது அவளுக்கு வயது 48. நம் வீடுகளில் அந்த வயதில் கையில் ஜபமாலையைக் கொடுத்திருப்பார்கள்!

அம்மாள் கரி போட்டு வைக்கும் அறையை இருட்டறை ஆக்கினாள். கண்ணாடி வேய்ந்த கோழிக் கூண்டு ஸ்டூடியோ ஆயிற்று. கோழிகளுக்கு விடுதலை கொடுத்து விட்டதாக எழுதி வைத்திருக்கிறாள். "சமையலறைப் பக்கமாகவா?" என்று கேட்டார் இவர்.

அந்தக் காலத்துப் படம் லேசில் ஆகிற காரியம் அல்ல. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படம் பிடித்துக் கழுவி எடுக்க வேண்டும். விரல்களெல்லாம் கறுத்துப் போகும். எதிரே உட்கார்ந்தவரோ நிமிஷக் கணக்கில் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். உட்கார்ந்தவர் பாதி, எடுத்தவர் பாதி என்றுதான் அந்தப் படங்களைச் சொல்ல வேண்டும்.

முதலில் அகப்பட்டவர் உள்ளூர்க் குடியானவர் ஒருவர். மணிக்கு அரைக் கிரவுன் கூலி. அந்தத் தகட்டை அம்மாள் தன் கையாலேயே தேய்த்து அழித்து விட்டாள், பாவம்! 1864 ஜனவரியில் ஆனி என்ற சிறுமியின் படம் நன்றாக விழுந்தது. உடனே வீடெல்லாம் ஓடி, குழந்தைக்கு என்ன பரிசு கொடுக்கலாம் என்று தேடினாளாம். படத்தை எடுத்தது தானல்ல, அந்தக் குழந்தைதான் என்று தோன்றியதாம் அவளுக்கு.

வீட்டு வேலைக்காரி மேரி ஹில்லியரை எத்தனையோ படங்களில் கன்னி மரியாளாக உட்கார வைத்தாள். ஊரில் அவளுக்கு 'மேரி மடோனா' என்றே பெயர். வீட்டு வேலையும் செய்து, தெய்வமாகவும் உட்காருவதென்றால் எத்தனை பொறுமை வேண்டும்! கணவரோ மந்திரவாதி மெர்லின் வேஷத்தில் அடக்க மாட்டாமல் சிரித்து விடுவாராம்.

இன்னொரு மேரியின் கதை தொடர்கதைகளையெல்லாம் தோற்கடிக்கும். மேரி ரையன் தாயுடன் பிச்சைக்கு நின்ற ஐரிஷ் சிறுமி. அம்மாள் அவளை அழைத்து வந்து படிக்க வைத்து, வீட்டு வேலைக்கும் வைத்து, படமும் எடுத்தாள். லண்டனில் அந்தப் படங்கள் காட்சிக்கு வைத்திருந்தபோது ஹென்றி காட்டன் என்ற வாலிபர் அவளைக் கண்டார். 1867-ல் கல்யாணம். இந்தக் காட்டன் யார் தெரியுமா? நம் கும்பகோணத்தில் பிறந்தவர்! 1904-ல் பம்பாய்க் காங்கிரஸுக்குத் தலைமை வகித்தவரும் அவரே.

1875-ல் காமெரான் தம்பதிகள் இலங்கைக்குப் புறப்பட்டார்கள். கூடவே இரண்டு சவப்பெட்டிகள். காலியாகப் போவானேன் என்று உள்ளே பீங்கான் சாமான்கள்! அங்கே எடுத்த படங்களில் இன்று மிஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. களுத்துறையில் ஒருவனுடைய முதுகின் அழகைப் பார்த்துவிட்டு, அவனைத் தோட்டக்காரனாக வைத்தே தீர வேண்டுமென்று பிள்ளையிடம் பிடிவாதம் பிடித்தாளாம். வீட்டிலோ தோட்டமே இல்லை! 1877-ல் விருந்தாளியாக வந்திருந்த ஓவியர் மரியான் நார்த் எழுதிய செய்தி இது.

சிரித்துக் கொண்டே வந்த எனக்கு இந்த இடத்தில் மனம் நெருடியது. அந்தத் தோட்டக்காரனின் பெயர் என்ன? களுத்துறைக் குடியானவர்களின் படம் ஒன்று உண்டு. பெண்ணுக்கு வயது 12 என்றும், கிழவர் அவள் தகப்பனார், தமக்கு 100 வயது என்கிறார் என்றும் குறிப்பு எழுதியிருக்கிறது. வயதைக் கேட்டவள் பெயரை எழுதவில்லை. வேறு சில படங்களில் தோட்டத் தொழிலாளர்கள் நிற்கிறார்கள். காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் நம் ஜில்லாக்களிலிருந்து போனவர்கள்தாமே? பிரெஷ்வாட்டரில் வேலைக்காரிக்கும் பெயர் இருந்தது. கடல் தாண்டியதும் அது போய்விட்டது. அழகைக் கண்ட அந்தக் கண்ணுக்கு இது மட்டும் படாமல் போயிற்றே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

1879 ஜனவரியில் இலங்கை மலைநாட்டிலேயே அம்மாள் காலமானாள். பொகவந்தலாவையில் மாதா கோயில் தோட்டத்தில் அடக்கம். அடுத்த வருஷம் கணவரும் அருகே வந்து சேர்ந்தார். காப்பி நோயில் போன அந்த மலைகளில் இப்போது தேயிலைதான்.

டிம்போலாவின் வாசலில் என் பெண் டெலிபோனைத் தூக்கிப் பிடித்து, "அசையாதே, அம்மா!" என்றாள். ஒரு விநாடி கூட ஆகவில்லை. அதற்குள் நான் கண்ணை மூடிவிட்டேனாம்.