உடைந்த எழுத்துகளின் பூர்வீகம்

வெளிநாட்டு விமான நிலையம் ஒன்றில், பல மொழிகளில் நல்வரவு சொல்லும் பலகையைப் பார்த்தேன். அரபியில் ‘மர்ஹபா’ என்று எழுத நினைத்திருக்கிறார்கள். மீம், ரா, ஹா, பா, அலிஃப் ஐந்தும் இருந்தன. ஆனால் ஒன்றோடொன்று சேராமல், இடமிருந்து வலமாக நின்றன. அரபி படிப்பவர் வலப்புறம்தான் தொடங்குவார். அவருக்கு அது பொருளே இல்லாத எழுத்து வரிசை. சிறுவயதில் ஓதப் பள்ளியில் அரபியை எழுத்துக்கூட்டிப் படித்தவனுக்கு அதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

பிறகு துணிப்பை, உணவக அட்டை, பச்சை குத்திய கை என்று எங்கெங்கோ இதே கோளாறு கண்ணில் பட்டது. மனிதர் செய்யும் எழுத்துப்பிழை ஆளுக்கு ஆள் மாறும். இது மாறவே இல்லை. அப்படியென்றால் பிழை எங்கோ ஓரிடத்தில்தான் பிறக்கிறது என்று தேடத் தொடங்கினேன்.

வடிவமைப்பு வேலை செய்யும் நண்பர் கணினியில் காட்டினார். அரபியின் 28 எழுத்துகளில் 22 இருபுறமும் சேரும். சொல்லின் முதல், இடை, கடை, தனி என்று இடத்துக்கேற்ப உருமாறும். மீதி ஆறும் அடுத்த எழுத்தோடு சேராதவை. கணினி சேமித்து வைப்பது எழுத்துகளின் வரிசையை மட்டுமே. அவற்றை வலமிருந்து அடுக்குவதும், கோத்து உருமாற்றுவதும் காட்டும் மென்பொருளின் வேலை. இணையப் பக்கத்தில் சரியாகத் தெரிந்த சொல்லை, அந்த வசதி இல்லாத மென்பொருளில் ஒட்டினால் இரண்டும் ஒருசேரப் போய்விடும். ஒட்டியவருக்கு அரபி தெரியாது; அச்சகத்துக்கும் தெரியாது.

ஃபோட்டோஷாப்பில் இதற்கான அமைப்பு நெடுநாள் ‘மத்திய கிழக்கு, தெற்காசியா’ என்ற ஒரே பெயரில் இருந்தது. அதை இயக்காவிட்டால் நம் ‘கெ’யும் உடையும், ககரத்துக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். அரபிக்கும் தமிழுக்கும் ஒரே பொத்தான் என்று தெரிந்தபோது, இது அடுத்த வீட்டுச் சங்கதியாகத் தோன்றவில்லை.

கணினியோடு தேடல் நிற்கவில்லை. 1530களின் இறுதியில் வெனிஸ் நகரில் பகானினி குடும்பத்தார் குர்ஆனை அச்சிட்டார்கள். முழுக் குர்ஆன் அச்சேறியது அதுவே முதல்முறை என்கிறார்கள். ஒரு புள்ளியால் மட்டுமே வேறுபடும் தால், தாள் என்ற இரண்டு எழுத்துகளும் அதில் குழம்பிக் கிடக்கின்றன. ஓதுகிறவர் முதல் பக்கத்திலேயே அதை மூடி வைத்திருப்பார். எஞ்சியிருக்கும் ஒரே பிரதி வெனிஸ் மடத்து நூலகம் ஒன்றில் 1980களில்தான் மீண்டும் கிடைத்தது.

இன்னும் பின்னே போனால் ஒரு தங்கக் காசு. எட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மெர்சியாவை ஆண்ட ஒஃபா, அப்பாசியரின் தினாரைப் பார்த்து அடித்தது. இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. மூலக்காசின் ஹிஜ்ரி 157 என்ற ஆண்டும் (கி.பி. 774) கலிமா என்ற இஸ்லாமிய உறுதிமொழியும் அதில் உண்டு, ஆனால் அரபி எழுத்துகள் ஆங்காங்கே பிசகியிருக்கின்றன. அரபி வரிகளை நேராகப் பிடித்தால், நடுவிலுள்ள ‘ஒஃபா ரெக்ஸ்’ (மன்னர் ஒஃபா) தலைகீழாகத் தெரியும். அச்சு வெட்டியவர் அரபியை எழுத்தாகப் பார்க்கவில்லை, கோலமாகப் பார்த்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள மெர்சியாவில் அவருக்கு யார் கிடைத்திருப்பார்கள்? விமானத்தில் தினமும் அரபியர் வந்திறங்கும் ஊரில் அந்தச் சாக்குக்கு இடமில்லை.

அரபி தெரியாதவரும் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. வீட்டைக் குறிக்கும் ‘தார்’ போல, சேரா எழுத்துகளே அமைந்த சில சொற்கள் இயல்பாகவே பிரிந்து நிற்கும். ஆனால் ஒரு முழு வரியில் எந்த எழுத்தும் எதையும் தொடவில்லை என்றால், அந்தப் பலகையை அச்சுக்கு அனுப்பாமல் நிறுத்திவிடலாம்.