ஸ்டெல்வியோ ஏற 313 சி.சி. போதும்

ஆல்ப்ஸ் மலைப்பாதைகளில் ஓட்ட வாடகை பைக் தேடும் நம் ஊர்க்காரரின் மனத்தில் முதலில் வந்து நிற்பது 1200 சி.சி.க்கு மேற்பட்ட பெரிய வண்டிதான். இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, முன்னால் உயரமான கண்ணாடி, யூடியூபில் பார்த்த அதே தோரணை. இவ்வளவு செலவழித்து, விசாவுக்கு அலைந்து போகிறோம், அங்கேயும் சின்ன வண்டிதானா என்று கேட்கத் தோன்றுவது இயல்பு. ஆனாலும், இங்கே 150 முதல் 350 சி.சி. வரை ஓட்டிப் பழகியவர் அங்கே 300, 400 சி.சி. வண்டி எடுப்பதுதான் சரி என்பேன். வாடகையை மிச்சம் பிடிக்கச் சொல்லும் யோசனை இல்லை இது. அந்தக் கணவாய்களில் போட்டிருக்கும் சாலைகளின் அமைப்பே சிறிய வண்டியைத்தான் கேட்கிறது.

ஸ்டெல்வியோவையே எடுத்துக்கொள்வோம். இத்தாலியின் வடகோடியில் 2757 மீட்டர் உயரத்தில் இருக்கும் கணவாய். அன்று தன் ஆட்சியில் இருந்த லொம்பார்டியைத் திரோல் பகுதியோடு இணைக்க ஆஸ்திரியப் பேரரசு 1820-க்கும் 1825-க்கும் இடையில் போட்ட சாலை அது. பொறியாளர் கார்லோ தொனேகானி. குதிரை வண்டிகள் மூச்சு வாங்காமல் ஏற வேண்டும் என்பதால் சரிவைச் சராசரியாக ஏழு, எட்டு விழுக்காட்டுக்குள் அடக்கினார்கள். அதற்குக் கொடுத்த விலைதான் வளைவுகள். அடிவாரத்து ஊரான பிராத்தோ பக்கமிருந்து ஏறினால் ஏறத்தாழ 24 கிலோமீட்டரில் 48 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, ஏற ஏற எண் குறைந்துகொண்டே வரும். சராசரி பார்த்தால் அரை கிலோமீட்டருக்கு ஒன்று. கணவாயை நெருங்கும்போது இடைவெளி இன்னும் சுருங்கிவிடும். இரண்டாவது கியரில் வேகம் பிடித்து நிமிர்வதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். 136 குதிரைத்திறன் கொண்ட வண்டி அந்தத் திறனை எங்கே காட்டுவது? ஆஸ்திரியாவின் குரோஸ்குளோக்னர் சாலை வேறு ரகம். 1935-இல், ஃபிரான்ஸ் வாலாக் என்ற பொறியாளரின் திட்டப்படி, மோட்டார் வண்டியில் வரும் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே திறக்கப்பட்டது, கட்டணச் சாலை. 48 கிலோமீட்டரில் 36 வளைவுகள்தான், அவையும் அகலமானவை. அங்கே பெரிய வண்டி சொகுசாக ஓடும், மறுக்கவில்லை. ஆனால் ஆல்ப்ஸ் போகிறவர் ஒரே ஒரு கணவாயோடு திரும்புவதில்லை. ஸ்விட்சர்லாந்தின் காட்ஹார்ட் கணவாயின் தென்சரிவில் இறங்கும் பழைய டிரெமோலா சாலையில் இன்றும் கல் பாவிய தளம்தான். மழை பெய்தால் அதில் 250 கிலோ வண்டியைத் திருப்புவது யாருக்கும் இன்பம் தராது.

மேலே போகப் போகக் காற்று மெலிந்து இன்ஜின் திணறுமே, சின்ன வண்டி ஏறுமா என்பது அடுத்த சந்தேகம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2700 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. இன்ஜின் திறனும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் குறையும். 313 சி.சி. கொண்ட பி.எம்.டபிள்யூ. ஜி 310 ஜி.எஸ். வண்டியின் 34 குதிரைத்திறன் உச்சியில் 25 ஆகிவிடும். சரி, தேவை எவ்வளவு? வண்டி 170 கிலோ, சவாரி செய்பவரும் உடுப்பும் 80 கிலோ என்று வைத்து, பத்து விழுக்காடு ஏற்றத்தில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, காற்றின் தடையையும் சேர்த்து 13 குதிரைத்திறன் அளவில் போதும். மீதம் ஏறத்தாழ இன்னொரு மடங்கு கையில் இருக்கிறது. 80-க்கு மேல் போகலாமே என்றால், ஸ்விட்சர்லாந்தில் ஊருக்கு வெளியே பொது வரம்பே 80-தான். இத்தாலியின் சாதாரணச் சாலைகளில் 90, ஆஸ்திரியாவில் 100. கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே அந்த வரம்பையே எட்ட முடியாது. அளவு மீறிய வேகத்துக்கு ஸ்விஸ் சட்டத்தில் சிறைத் தண்டனைகூட உண்டு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

உண்மையான சிக்கல் வேகத்தில் இல்லை, வேகமே இல்லாத இடத்தில் இருக்கிறது. வால்பாறை ஏற்றத்தின் 40 வளைவுகளையும் கொல்லிமலையின் 70 வளைவுகளையும் ஏறிப் பழகியவர், எனக்கு வளைவு புதிதா என்று கேட்பார். வளைவு புதிதில்லை, பக்கம்தான் புதிது. நாம் சாலையின் இடப்புறம் போகிறவர்கள்; ஏறும்போது இடது பக்கம் திரும்பும் வளைவுதான் நமக்கு இறுக்கமான உள்வளைவு. ஆண்டுக்கணக்கில் கிளட்ச்சும் தோளும் அதற்கே பழகியிருக்கும். ஐரோப்பாவில் எல்லாம் தலைகீழ். வலப்பக்கத் திருப்பம் உள்வளைவாகிவிடுகிறது. அதன் உள்ஓரத்தில் சரிவும் மிகக் கடுமை. அந்த இடத்தில், முதல் கியரில், எதிரே ஒரு பேருந்து வந்துவிட்டால் நிற்கத்தான் வேண்டும். ஸ்விஸ் மலைச் சாலைகளில் ஓடும் மஞ்சள் அஞ்சல் பேருந்து, ரோஸினியின் வில்லியம் டெல் இசையிலிருந்து எடுத்த மூன்று சுர ஹாரனை ஒலித்துக்கொண்டு வரும். அஞ்சல் கொம்பு வரைந்த பலகை உள்ள சாலைகளில் அதற்கு முன்னுரிமை உண்டு, அதன் ஓட்டுநர் காட்டும் சைகைக்கு மற்றவர்கள் கட்டுப்பட வேண்டும். நின்றதும் காலை ஊன்றப் பார்த்தால் உள்பக்கம் தரை தாழ்ந்திருக்கும். நம்மவர்கள் பலருக்குக் கால் எட்டாது. 170 கிலோ வண்டி சாய்ந்தால் தொடையால் முட்டுக்கொடுத்து ஓரளவு நிமிர்த்தலாம். பி.எம்.டபிள்யூ.வின் பெரிய வண்டியான 249 கிலோ ஆர் 1250 ஜி.எஸ்., பெட்டியும் சாமானும் ஏற்றிய நிலையில் சாயத் தொடங்கினால் அதைத் தடுக்க யாராலும் முடியாது. விழுந்தால் லீவர், இண்டிகேட்டர், பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் நம் டெபாசிட்டிலிருந்து கழிப்பார்கள். பெரிய வண்டிக்குக் காப்பீட்டில் நம் கைப்பொறுப்பாக விடும் தொகையும் பெரிது. வெளிவளைவில், அதாவது இடப்பக்கத் திருப்பத்தில், பழக்க தோஷத்தில் எதிர்த் தடத்துக்குள் நுழைந்துவிடும் ஆபத்து வேறு இருக்கிறது. அதைக் கவனிக்கவே மூளை முழுதாக வேண்டும். வண்டியின் கனத்தைச் சமாளிப்பதில் பாதியைச் செலவழித்துவிட்டால் மிச்சம் பாதி போதாது.

இறக்கத்தில் கனம் இன்னொரு விதமாகக் கணக்குக் கேட்கும். ஸ்டெல்வியோ உச்சியிலிருந்து பிராத்தோ வரை 1800 மீட்டருக்கு மேல் இறக்கம். 250 கிலோ மொத்த எடை இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல், 15 லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்கவைக்கக் கூடியது. பெரிய வண்டியும் ஆளுமாக 330 கிலோ என்றால் 20 லிட்டருக்கான சூடு. காற்றும் இன்ஜினும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும் மீதி பிரேக் டிஸ்க்கில்தான் வந்து சேரும். பெரிய வண்டியின் பிரேக் அதற்கேற்பப் பெரிதாகத்தான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெரியாத சாலையில் பயந்து பயந்து பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிறவருக்கு ஒவ்வொரு கிலோவும் செலவுதான்.

பெரிய வண்டியில் வளைவில் சாய்ந்திருக்கும்போதும் வேலை செய்யும் ஏ.பி.எஸ்., சறுக்கல் தடுப்பு எல்லாம் இருக்கின்றன, பாதுகாப்பு அதில்தானே அதிகம் என்று ஒருவர் வாதிடலாம். வலுவான வாதம்தான். 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் ஈரச் சாலையில் சாய்கிறவருக்கு அந்த மின்னணுக் காவல் உயிர் காக்கும். ஆனால் நடைவேகத்தில் கவிழும் வண்டியை எந்த மின்னணுவும் தாங்கிப் பிடிக்காது. இதில் ஐரோப்பாவின் சொந்தச் சட்டமே என் பக்கம் பேசுகிறது. அங்கே இளைஞருக்கு முதலில் 125 சி.சி.க்கு ஏ1, பிறகு 35 கிலோவாட் வரை ஏ2, அதற்கும் பிறகுதான் வரம்பில்லாத ஏ. நேரடியாக ஏ உரிமம் பெற 24 வயது ஆகியிருக்க வேண்டும். நமக்கோ அந்தப் படிக்கட்டே இல்லை. 100 சி.சி. வண்டியில் எட்டுப் போட்டு வாங்கிய ‘கியர் உள்ள மோட்டார் சைக்கிள்’ உரிமத்தை வைத்து, 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி ஆர்.டி.ஓ. அலுவலகம் தரும் பன்னாட்டு அனுமதியில் ‘ஏ’ பிரிவுக்கு முத்திரை விழுந்துவிடும். முத்திரையை ஆர்.டி.ஓ. கொடுக்கலாம், பழக்கத்தை அவர் கொடுக்க முடியாது.

நெடுஞ்சாலையில் 120-க்கு மேல் போனால் சின்ன வண்டி அதிர்ந்து கையை மரக்கவைக்கும் என்பது உண்மை. அதற்கு வழி, மியூனிக்கிலோ மிலானிலோ வண்டி எடுக்காமல் மலையடிவாரம் வரை ரயிலில் போவது. மியூனிக்கிலிருந்து பிரென்னர் வழியாகப் போல்சானோவுக்கு நேராக ரயில் இருக்கிறது; அங்கிருந்து ஸ்டெல்வியோ அடிவாரம் ஒரு காலைப் பொழுது ஓட்டம். பின்சீட்டில் மனைவியோ நண்பரோ உட்காரப் போகிறார் என்றால் மட்டும் என் வாதம் தளர்கிறது. இருவரின் எடை, இருவரின் சாமான், ஏற்றத்தில் பின்புறம் விழும் பாரம் எல்லாம் சேரும்போது 313 சி.சி. முனகும், 700, 800 சி.சி. நடுத்தர வண்டிதான் பொருத்தம். வாழ்நாளில் ஒரே தடவை போகிறோம், ஆசைப்பட்ட வண்டியை ஓட்டிவிட வேண்டும் என்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அவர் விரும்புவது அந்த வண்டியை. கணவாய் அதற்கு ஒரு சாக்கு. சின்ன வண்டி என்று முகம் சுளிப்பவருக்கு ஒரு தகவல்: ஜி 310 ஜி.எஸ். உலகம் முழுக்க விற்பனைக்குப் போனது ஓசூரில் உள்ள டி.வி.எஸ். தொழிற்சாலையிலிருந்துதான்.

நடைமுறைத் தொல்லை ஒன்று மிச்சமிருக்கிறது. வாடகைக் கடைகளில் பெரிய வண்டிகளே வரிசையாக நிற்கும், சிறியவை குறைவு. கணவாய்கள் பனி விலகித் திறப்பது மே கடைசி, ஜூன் வாக்கில்தான் என்பதால், சில மாதம் முன்பே எழுதிக் கேட்டு, இருக்கை உயரம் எத்தனை மில்லிமீட்டர், தாழ்ந்த இருக்கை மாட்டித் தருவார்களா என்று விசாரித்து முன்பதிவு செய்வது நல்லது. கிடைக்காமல் பெரிய வண்டியே தலையில் விழுந்தால், முதல் நாள் குரோஸ்குளோக்னர் போன்ற அகலச் சாலையில் ஓட்டி, வலப்பக்கத் திருப்பத்தை அரை கிளட்ச்சில் எடுத்துப் பழகிவிட்டு, ஸ்டெல்வியோவைப் பயணத்தின் பின்பாதிக்குத் தள்ளி வைக்கலாம். அதையும் கூட்டம் சேராத அதிகாலையில்.